முதுகில் பதிந்த கை

பிள்ளைகளா, வெளியூரிலிருந்து வருகிறவர்கள் நம் சிவகாசிப் பக்கத்தை ஏதோ அதிசய உலகம் போலப் பேசுவார்கள். வானத்தில் பூ விரியுமாம், வெள்ளி மழை பெய்யுமாம். பேசட்டும். கம்பி மத்தாப்புக்கு மருந்து முக்குகிறவனுக்கு அதெல்லாம் சோறு போடுகிற வேலை. அதை நின்று வேடிக்கை பார்த்ததில்லை. நான் வாயடைத்துப் போய் நின்றது வேறொன்றைப் பார்த்து. அது நம் வீட்டு வாசலில், பட்டப்பகலில், கரண்டு போன ஒரு ஞாயிற்றுக்கிழமையில் நடந்தது.

மூத்தவளே, அது உன் கையில்தான் நடந்தது. உனக்குப் பாதி நினைவிருக்கலாம். சின்னவனே, நீ அப்போது பிறக்கவே இல்லை. இரண்டு பேருக்கும் சேர்த்துத்தான் எழுதுகிறேன். நான் எட்டாம் வகுப்போடு நின்றவன். எழுத்து முன்னே பின்னே இருக்கும். விளங்காத இடத்தில் அம்மாவைக் கேளுங்கள். நான் சொன்னதைத் திருத்திச் சொல்வது அவளுக்கு எப்போதுமே பிடித்த வேலை.

அப்போது நாம் ஏழாயிரம்பண்ணைக்குப் பக்கத்துக் கிராமத்தில் இருந்தோம். பட்டாசுக் கம்பெனி வேன் காலையில் வந்து எங்களை ஏற்றிக்கொண்டு போகும், பொழுது சாயும்போது கொண்டுவந்து இறக்கிவிடும். மூத்தவளே, நீ ஒன்றாம் வகுப்பு. வேன் சத்தம் கேட்டதும் தெருமுனைவரை ஓடி வருவாய். நான் இறங்கியதும் உன்னை அக்குளுக்குக் கீழே இரண்டு பக்கமும் பிடித்து, ஒரே தூக்காகத் தூக்கித் தலைக்கு மேல் காட்டி இறக்குவேன். வேனில் இருக்கிற பெண்கள், "இந்தா கிளம்பிருச்சு ராக்கெட்டு" என்று சிரிப்பார்கள். அந்தச் சிரிப்புக்காகவே நீ இன்னொரு தரம் தூக்கச் சொல்வாய்.

பங்குனி மாதம். ஒருநாள் சாயங்காலம் உன் கவுனைக் கழற்றிய அம்மா, "இங்கன வாங்களேன்" என்று கூப்பிட்டாள். உன் விலாவில் இரண்டு பக்கமும் சிவப்புச் சிவப்பாகத் தடித்திருந்தது. கொசு கடித்த மாதிரி உருண்டையாக இல்லை. நீளநீளமாக, பிசைந்த மாவை உருட்டி ஒட்டிவைத்த மாதிரி இருந்தது. நீ இரண்டு கையாலும் சொறிந்தாய். சொறியச் சொறியத் தடிப்பு கூடியது. தேங்காய் எண்ணெய் தடவினோம். சோறு வடித்து முடிக்கிற நேரத்தில் எல்லாம் அமுங்கி, ஒன்றுமே நடக்காத மாதிரி தோல் ஆகிவிட்டது.

"வேர்க்குருவா இருக்கும்" என்றேன்.

"வேர்க்குரு வந்துட்டு வந்துட்டுப் போகுமா?" என்றாள் அம்மா.

மறுநாள் தோளில். அதற்கு மறுநாள் இடுப்பைச் சுற்றி. ஒருநாள் காலையில் பாயிலிருந்து எழுந்தவள் கன்னத்தில் கோடு கோடாகச் சிவந்து நின்றாய். கத்தரிக்காய், கருவாடு, நிலக்கடலை எல்லாவற்றையும் நிறுத்தினோம். சோப்பை மாற்றினோம். பாயை வெயிலில் போட்டுத் தட்டினோம். அது பாட்டுக்கு வந்தது, அது பாட்டுக்குப் போனது. வரும்போது நீ அரித்து அரித்துத் துடிப்பாய். பள்ளிக்கூடத்திலிருந்து, "சரியானபிறகு அனுப்புங்க, மத்த பிள்ளைகளுக்கு ஒட்டிரப் போகுது" என்று சொல்லியனுப்பினார்கள்.

பக்கத்து வீட்டு மதினி வந்து பார்த்தாள். எனக்குப் பெரியப்பா மகன் பெண்டாட்டி. எந்த வீட்டில் என்ன என்றாலும் முதல் ஆளாக வந்து நிற்பவள். பார்த்த உடனே கன்னத்தில் போட்டுக்கொண்டாள்.

"இது ஆத்தாதான். பங்குனி வெயிலு, வேற என்ன? கொழுந்தனாரே, போயி வேப்பங்குழை ஒடிச்சிட்டு வாங்க."

அம்மை என்றால் நம் வீடுகளில் எப்படி என்று உங்களுக்குத் தெரியும். வாசலில் வேப்பிலை கட்டினோம். தாளிப்பை நிறுத்தினோம். வெளியாளை உள்ளே விடவில்லை. பிள்ளையை 'நீ' என்று அதட்டக் கூடாது, ஆத்தா வந்திருக்கிறாள் என்று அம்மா உன்னை 'வாங்க, இருங்க' என்று பேசினாள். உனக்கு அது ரொம்பப் பிடித்துவிட்டது. "எனக்கு மாம்பழ மிட்டாய் வாங்கிட்டு வாங்கன்னு அப்பாகிட்டச் சொல்லுங்க" என்று நீயும் அதே மரியாதையில் உத்தரவு போட்டாய்.

அரிப்பெடுத்தால் சொறியாமல் வேப்பங்குழையால்தான் தடவ வேண்டும். அம்மா பக்கத்தில் உட்கார்ந்து உன் கை, கால், முதுகு எல்லாம் குழையால் நீவிக்கொண்டே இருந்தாள். நீவ நீவத் தடிப்பு கூடியது. கூடினால் ஆத்தா இறங்கி விளையாடுகிறாள் என்று அர்த்தம். அதனால் இன்னும் நீவினாள். ஆனால் கொப்புளம் வரவில்லை, காய்ச்சல் இல்லை. மூன்று வேளையும் பசி எடுத்தது. காலையில் முழுக்க மறைந்துபோகும், மதியம் திரும்ப வரும்.

மதினிக்கே சந்தேகம் வந்துவிட்டது. "ஆத்தா வந்தா இருந்து தண்ணி வாங்கிட்டுத்தான் போவா. இவ என்ன, டவுன் பஸ்ஸு மாதிரி போறதும் வாரதுமா இருக்கா?" என்றாள். பிறகு சாமி குற்றம் ஆகிவிடுமோ என்று பயந்து, "தாயே, தெரியாமச் சொல்லிட்டேன்" என்று அந்த இடத்திலேயே கும்பிட்டாள். இருக்கன்குடி அம்மன் கோயிலுக்கு வருவதாக வேண்டிக்கொண்டு, வேப்பிலையை அவிழ்த்தோம்.

அப்புறம் காணாக்கடி. கண்ணுக்குத் தெரியாமல் ஏதோ ஒரு பூச்சி கடித்து, அதன் விஷம் தோலில் தடித்து வருவதற்கு நம் பக்கத்தில் அந்தப் பெயர். ஆனைக்குட்டம் பக்கத்தில் ஒரு அண்ணாச்சி அதற்குப் பார்வை பார்ப்பார். பணம் வாங்கமாட்டார், கை கட்டி நிற்கவும் விடமாட்டார், நல்ல மனுஷர். சைக்கிளில் கறுப்புக் கம்பளி ஒன்றை மடித்துக் கட்டிக்கொண்டு வந்தார். வெற்றிலையில் மிளகை மடித்து மென்று தின்னச் சொன்னார். நீ மூஞ்சியைச் சுளித்துக்கொண்டு தின்றாய்.

"என்ன கடிச்சுச்சுன்னு ஞாபகம் இருக்கா தாயி?" என்று கேட்டார்.

"என்னைய ஒண்ணும் கடிக்கல" என்றாய்.

"அதான். கடிச்சது தெரியாது. அதனாலதான் காணாக்கடி."

"கடிக்கவே இல்ல தாத்தா. நானாத்தான்..."

"சும்மா இரு பிள்ள, பெரியவுக பேசும்போது குறுக்க பேசாத" என்று அம்மா உன் வாயைப் பொத்தினாள். நீ சொல்ல வந்ததை யாரும் கேட்கவில்லை. நானும் கேட்கவில்லை.

அவர் ஏதோ முணுமுணுத்துக்கொண்டே அந்தக் கம்பளியால் உன் முதுகை மேலிருந்து கீழாகத் தேய்த்தார். சொரசொரவென்ற கம்பளி. கொஞ்ச நேரத்தில் முதுகு முழுக்கச் செங்கல் நிறமாகி, பாளம் பாளமாக எழும்பியது. நீ அலறினாய். "விசம் வெளிய வருது, இனி இறங்கிரும்" என்றார் அவர். அவர் நம்பித்தான் சொன்னார். நாங்களும் நம்பினோம். சொன்ன மாதிரியே ஒரு மணி நேரத்தில் இறங்கவும் செய்தது. அவருக்கு மோர் கொடுத்து அனுப்பினோம்.

நீ தேம்பிக்கொண்டே இருந்தாய். நான் உன்னைத் தூக்கினேன். எப்போதும் போல அக்குளுக்குக் கீழே இரண்டு பக்கமும் பிடித்துத் தூக்கி, முதுகில் கை வைத்து நெஞ்சோடு அழுத்திக்கொண்டு வாசலுக்கும் கொல்லைக்கும் நடந்தேன். அழுகை நின்றது. இறக்கிவிட்டேன்.

அம்மா உனக்குத் தண்ணீர் கொடுக்கக் குனிந்தவள் அப்படியே நின்றுவிட்டாள். "ஏங்க" என்றாள்.

உன் முதுகில் ஒரு கை இருந்தது.

சும்மா சிவப்பு இல்லை. உப்பி எழுந்த ஒரு முழுக் கை. உள்ளங்கை தெளிவில்லை. ஆனால் விரல்கள் ஒவ்வொன்றும் தனித்தனியாக, வெள்ளரிப் பிஞ்சு போலத் தடித்து நின்றன. அதில் மோதிர விரல் மட்டும் குட்டை. என் வலது கை மோதிர விரலின் நுனி, நான் வேலைக்குச் சேர்ந்த புதிதில் கம்பி வெட்டுகிற மிஷினில் போனது. நீங்கள் இரண்டு பேரும் சின்ன வயதில் அந்த மொட்டை விரலைப் பிடித்துத்தான் நடை பழகினீர்கள். அந்த விரல் உன் முதுகில் அதே குட்டையாக எழுந்து நின்றது. நான் என் கையை அதன்மேல் தொடாமல் கொண்டுபோய் நிறுத்தினேன். அச்சு அசலாகப் பொருந்தியது.

இனி யாரிடம் கேட்க வேண்டும்? வேலை முடிந்து எத்தனை தரம் கழுவினாலும் மத்தாப்பு மருந்தின் சாம்பல் நிறம் நகக் கண்ணிலும் ரேகையிலும் இருக்கத்தான் செய்யும். அந்தக் கையோடுதான் தினமும் உன்னைத் தூக்கியிருக்கிறேன். முதல்நாள் விலாவில் இரண்டு பக்கமும் தடித்ததே, அதுவும் நான் பிடித்த இடம். அந்த மருந்துதான் பிள்ளையின் தோலை அரிக்கிறது என்று முடிவு கட்டிவிட்டேன்.

அன்றிலிருந்து உன்னைத் தொடுவதை விட்டேன்.

கொல்லை வேப்பமரத்தில் ஓர் ஆணி அடித்து, வேலைச் சட்டையை அதிலேயே மாட்டினேன். சீயக்காய் போட்டுத் தேய்த்தேன், புளி போட்டுத் தேய்த்தேன், மண்ணெண்ணெய்கூட ஊற்றிப் பார்த்தேன். கைத் தோல் வெடித்ததுதான் மிச்சம். வேனை விட்டு இறங்கினால் நீ ஓடி வருவாய். நான் துண்டை உதறுகிற மாதிரி அந்தப் பக்கம் திரும்பிக்கொள்வேன். வேனில் சிரிப்பு நின்றுபோனது. "என்ன அண்ணே, ராக்கெட்டு இன்னைக்கும் நமுத்துப் போச்சா?" என்று ஒருத்தி கேட்டாள்.

நீ அம்மாவிடம் கேட்டது என் காதில் விழுந்தது. "அப்பா என் மேல கோவமா இருக்காகளா? நான் மிட்டாய் கேட்டதுக்கா?"

அம்மா என்னிடம் வந்தாள். "ஊருக்கே இந்த வேலதான். மதினி வீட்டு அண்ணனும் மருந்துதான் கிண்டுறாக. அந்த வீட்டுப் பிள்ளைகளுக்கு ஏன் வரல? நம்ம பிள்ளைக்கு மட்டும் ஆகாதோ?"

"அவ முதுகுல இருந்தது யாரு கை?" என்று கேட்டேன்.

எனக்கு இரண்டே வழிதான் தெரிந்தது. ஒன்று இந்த வேலையை விட வேண்டும். இல்லை, பிள்ளையைத் தூக்குவதை விட வேண்டும். வேறு வேலை எனக்குத் தெரியாது. மழையை நம்பி விதைக்கிற நிலமும் நமக்குக் கிடையாது. ஆக, எதை விடுவது என்று கேட்க வேண்டிய தேவையே இல்லாமல் போனது. இனி இப்படித்தான், தள்ளி நின்றே வளர்க்க வேண்டியதுதான் என்று மனதைக் கல்லாக்கிக்கொண்டு இருந்தேன்.

அந்த ஞாயிற்றுக்கிழமை கம்பெனி லீவு. மத்தியானம் கரண்டு போய்விட்டது. அரசாங்கம் கொடுத்த டிவியில் படம் பார்த்துக்கொண்டிருந்த தெருவே வெளியில் வந்து காற்று வாங்கியது. அம்மா தண்ணீர் பிடிக்கக் குழாயடிக்குப் போயிருந்தாள். நீ வாசல்படியில் உட்கார்ந்திருந்தாய். நான் வழக்கம்போலத் தள்ளி, சுவரோரம் குத்தவைத்திருந்தேன்.

நீ விளக்குமாற்றிலிருந்து ஓர் ஈர்க்கை உருவி வைத்துக்கொண்டு, இடது கையை மடியில் மல்லாத்திப் போட்டு, உள்பக்கத்தில் மெதுவாக ஏதோ இழுத்துக்கொண்டிருந்தாய். நாக்கு நுனி வெளியே நீட்டியிருந்தது. கவனமாக ஏதாவது செய்யும்போது உனக்கு நாக்கு வெளியே வரும், இன்றைக்கும்.

"ஏ தாயி, என்ன செய்ற? குத்திரப் போகுது."

"எழுதுறேன்ப்பா."

"கையிலயா எழுதுவாக?"

"நீங்க வந்து பாருங்க. தூரமா நின்னே பாருங்க, பரவால்ல."

'தூரமா நின்னே' என்று நீ சொன்னது எனக்குச் சுருக்கென்றது. கிட்டே வந்து குனிந்தேன். கையில் ஒன்றுமில்லை. காய்ந்த தோலில் ஈர்க்கு போன வழியில் வெள்ளைக் கோடு லேசாகத் தெரிந்தது, அவ்வளவுதான்.

"ஒண்ணையும் காணோமே."

"கொஞ்சம் பொறுங்கப்பா. இப்பப் பொங்கி வரும்."

பொறுத்தேன். முதலில் வெள்ளைக் கோடு மறைந்தது. அது இருந்த இடத்தில் வெற்றிலை போட்ட உதடு மாதிரி ஒரு சிவப்பு ஓடியது. அப்புறம், பிள்ளைகளா, நான் கண்ணை எடுக்காமல் பார்த்துக்கொண்டிருக்கும்போதே, அந்தச் சிவப்புக்கு நடுவிலிருந்து தோல் எழும்ப ஆரம்பித்தது. யாரோ உள்ளேயிருந்து விரலால் தள்ளுகிற மாதிரி. அடுப்பில் பால் விளிம்புக்கு ஏறுகிற மாதிரி. சத்தமில்லை, புகையில்லை. மேலேயிருந்து கீழே ஒரு கோடு, அங்கிருந்து குறுக்கே ஒரு கோடு. முழுசாக எழுந்து நின்றது.

'ட'.

பக்கத்தில் 'ப' பாதி எழும்பியிருந்தது. அதற்கும் பக்கத்தில் நீ கடைசியாக எழுதிய 'ம' இன்னும் வெள்ளையாகவே இருந்தது, தன் முறைக்குக் காத்திருக்கிற மாதிரி. நான் முழங்கால் போட்டு மண்ணில் உட்கார்ந்துவிட்டேன். தீ வைத்ததும் ஒரு நொடியில் எரிந்து அணைகிறதைத்தான் இத்தனை வருஷம் செய்திருக்கிறேன். ஒரு சின்னக் கைக்குள் ரத்தம் கோட்டைத் தேடி வந்து, எழுத்தை அறிந்துகொண்ட மாதிரி எழும்பி நிற்கிறதே, இதைச் செய்தது யார்? எந்த மருந்து? கும்பிட வேண்டும்போல இருந்தது. எதைக் கும்பிடுவது என்று தெரியவில்லை.

"எம்புட்டு நாளா இது உனக்குத் தெரியும்?"

"டீச்சர் 'ட' சொல்லித் தந்தாகள்ல, அன்னையில இருந்து. எங்க கிளாஸ் செல்வி கேட்டா, அவகிட்ட நெல்லிக்காய் வாங்கிட்டுத்தான் எழுதிக் காட்டுவேன். எழுதுனா நல்லாருக்கும்ப்பா, ஆனா அப்புறம் அரிக்கும்."

"ஏன் எங்ககிட்டச் சொல்லல?"

"அந்தத் தாத்தாகிட்டச் சொன்னேன்ல? அம்மா வாயப் பொத்திட்டா."

அப்போதுதான் எனக்கு உறைத்தது. ஈர்க்கில் என்ன மருந்து இருக்கிறது? விளக்குமாறு கம்பெனிக்கு வந்ததா? உன் கைதான் எழுதியது. என் கை உன்னைத் தொட்டுப் பல நாளாகிறது.

"நீங்களும் ஒண்ணு எழுதுங்கப்பா" என்று ஈர்க்கை நீட்டினாய்.

ஈர்க்கின் கடைசி நுனியைப் பிடித்து, உன் மணிக்கட்டுக்கு மேலே சின்னதாக ஒரே ஒரு கோடு போட்டேன். இருவரும் தலையோடு தலை முட்டக் குனிந்து பார்த்திருந்தோம். வந்தது. நான் போட்ட கோடு கொஞ்சம் கோணல். கோணலாகவே வந்தது.

அம்மா குடத்தோடு வந்தாள். "என்ன, அப்பனும் மகளும் புதையல் எடுக்கீகளா?" என்றவள், உன் கையைப் பார்த்தாள். குடத்தை இறக்கவில்லை. இடுப்பில் வைத்தபடியே நின்று, முழுக் கதையையும் கேட்டாள். கேட்டு முடித்ததும் அவள்தான் ஒவ்வொன்றாகச் சொன்னாள்.

"தோள்ல வந்துச்சே, அது பள்ளிக்கூடப் பை வாரு. இடுப்புல ஜட்டி எலாஸ்டிக்கு. கன்னத்துல பாயி." உன்னைத் திருப்பி முதுகைப் பார்த்தாள். "நான் வேப்பங்குழைய வச்சு நீவி நீவி... அது வேற. அப்புறம் அந்தக் கம்பளி. ஆத்தாடி, ஆளாளுக்கு இவ மேல எழுதிக்கிட்டே இருந்திருக்கோம்."

"என் கை?" என்றேன்.

"நீங்க இறுக்கிப் பிடிச்சா இரும்பே நசுங்கும். பிள்ள என்ன செய்யும்?"

இருந்தாலும் என் மனம் ஆறவில்லை. மறுநாள் வேலைக்குப் போகாமல் சிவகாசிக்கு உன்னைக் கூட்டிக்கொண்டு போனோம், பிள்ளைகளுக்குப் பார்க்கிற ஒரு டாக்டரம்மாவிடம். நான் முதலில் என் வேலையையும், சட்டையைக் கொல்லையில் மாட்டுவதையும் சொல்லி, கையை விரித்துக் காட்டினேன். அவர் என் கையைப் பார்த்துவிட்டு, உன் முதுகைத் திருப்பி, பேனாவின் பின்பக்கத்தால் ஒரு கோடு இழுத்தார்.

"கொஞ்சம் பொறுங்க டாக்டர், பொங்கி வரும்" என்றாய் நீ.

"அப்படியா? எனக்கு முன்னாலயே நீ படிச்சு முடிச்சிட்டியா?" என்று அவர் சிரித்தார்.

கோடு எழுந்ததும் வாயில் நுழையாத ஒரு இங்கிலீஷ் பேர் சொன்னார். அப்புறம் எனக்குப் புரிகிற மாதிரி சொன்னார். சிலருக்குத் தோல் அப்படி. லேசாக அழுத்தினாலோ உரசினாலோ, ஏதோ ஆபத்து என்று நினைத்துக்கொண்டு தடித்து எழும்பும். கொஞ்ச நேரத்தில் தானே அமுங்கும். அம்மை இல்லை, பூச்சிக்கடி இல்லை, யாருக்கும் ஒட்டாது. வருஷக்கணக்கில் இருந்தாலும் இருக்கும், ஒருநாள் சொல்லாமல் போனாலும் போகும். அரிப்பு கூடினால் கொடுக்க ஒரு மருந்து எழுதிக் கொடுத்தார். உதடோ முகமோ வீங்கினாலும் மூச்சு வாங்கினாலும் வீட்டு வைத்தியம் பார்த்துக்கொண்டு இருக்கக் கூடாது, உடனே தூக்கிக்கொண்டு ஓடி வரணும் என்று இரண்டு தரம் சொன்னார்.

"அப்ப மருந்து... கம்பெனி மருந்து?"

"அதுக்கும் இதுக்கும் சம்பந்தம் இல்ல. ஆனா வேலைச் சட்டைய வெளிய மாட்டுறீங்கன்னு சொன்னீங்களே, அது நல்ல பழக்கம். அத விடாதீங்க."

வெளியே வந்தவன் திரும்ப உள்ளே போனேன். அடுத்த பிள்ளையைப் பார்க்க ஆரம்பித்திருந்தார். "தூக்கலாமா டாக்டர்?" என்று கேட்டேன்.

அவர் நிமிர்ந்து பார்த்தார். "தாராளமாத் தூக்குங்க. விரலால இறுக்கிப் பிடிக்காம, கையில அணைச்சுத் தூக்குங்க."

அதற்குப் பிறகு வீட்டில் எல்லாம் மாறியது. வார் வைத்த பள்ளிக்கூடப் பை போய், கையில் பிடிக்கிற மஞ்சள் பை வந்தது. அம்மா எலாஸ்டிக்கை உருவிவிட்டுத் துணி நாடா கோத்தாள். குளிக்கச் சுடுதண்ணீர் கிடையாது, தேய்க்கப் பீர்க்கங்கூடு கிடையாது. துவட்டும்போது தேய்க்காமல் துண்டை ஒற்றி எடுப்பாள். தடிப்பு வந்தால் தன் பழைய நூல் சேலைக் கிழிசலை மண்பானைத் தண்ணீரில் நனைத்துப் பிழிந்து, தேய்க்காமல் மேலே போட்டு வைப்பாள். அந்த ஈரத் துணிக்கு அடியில் நீ கண்ணை மூடிக்கொண்டு கிடப்பாய். கொஞ்ச நேரம் கழித்துத் துணியைத் தூக்கிப் பார்த்தால் தடிப்பு கரைந்திருக்கும். அது எழும்புகிறது எப்படி அதிசயமோ, அமுங்குகிறதும் அதே அதிசயம்தான். எத்தனை தரம் பார்த்தாலும் எனக்குச் சலிக்கவில்லை.

மதினியிடம் சொன்னதும் மோவாயில் கை வைத்தாள். "அப்ப இவளுக்கு நோட்டு வாங்குற செலவு மிச்சம்னு சொல்லுங்க" என்றாள். பிறகு உன் காதருகே குனிந்து, "எனக்கும் ஒண்ணு எழுதிக் காட்டேன், ஆருகிட்டயும் சொல்ல மாட்டேன்" என்றாள். அம்மா விளக்குமாற்றைப் பரணில் தூக்கிப் போட்டுவிட்டாள்.

எல்லாம் சரியானது. நான்தான் இன்னும் உன்னைத் தூக்கவில்லை.

பயம் போய்விட்டது. ஆனால் கை கேட்க மாட்டேன் என்றது. மத்தாப்புக் கம்பிகளை வரிசையாகக் கோத்த சட்டத்தை மருந்தில் முக்கி எடுக்கும்போது, விரல்களை இறுக்கிப் பிடித்தால்தான் சட்டம் நழுவாது. நழுவினால் முக்கிய அத்தனையும் மண்ணில். அப்படிப் பிடித்துப் பிடித்து, என் கைக்கு லேசாகப் பிடிப்பது என்றால் என்னவென்றே தெரியாது. தூக்க ஆள் வேண்டும் என்று நீ நிற்பாய். நான் கையை நீட்டுவேன், விரல் தானாக மடங்கும், இழுத்துக்கொள்வேன்.

யோசித்துப் பார்த்தேன். விரலால் பிடிக்காமலே கனத்தைத் தூக்குகிறவர்களைத் தினமும் பார்க்கிறேனே. உன் கையில் எழுத்து எழும்பியபோது, குடத்தை இறக்காமல் அவ்வளவு நேரம் அம்மா நின்றாளே. குடம் அவள் இடுப்பில் உட்கார்ந்திருந்தது. கை சும்மா அதைச் சுற்றிக் கிடந்தது.

நம் ஊரில் ஆண்கள் தண்ணீர் எடுத்தால் சைக்கிளில் கட்டுவார்கள், இல்லை தோளில் வைப்பார்கள். இடுப்பில் வைத்ததை யாராவது பார்த்தால் சாகும்வரை சொல்லிச் சிரிப்பார்கள். அதனால் அடுத்த ஞாயிற்றுக்கிழமை, அம்மா உன்னைக் கூட்டிக்கொண்டு மதினி வீட்டுக்குப் போகும்வரை பொறுத்திருந்தேன். வாசல் கதவை உள்ளே தாழ் போட்டேன். கொல்லைக்குப் போய் எவர்சில்வர் குடத்தில் கழுத்துவரை தண்ணீர் ஊற்றினேன். நிறைகுடம் கிட்டத்தட்ட உன் கனம் இருக்கும்.

தூக்கி இடுப்பில் வைத்தேன். நிற்கவில்லை, வழுக்கியது. விரல்கள் பாய்ந்து போய் விளிம்பைப் பிடித்தன. பிரித்துவிட்டேன். இடுப்பை ஒரு பக்கம் தள்ளி, முழங்கையை மடக்கி, குடத்தின் கழுத்தைச் சுற்றிக் கையை வளைத்து, விரல்களைக் காற்றில் தொங்கவிட்டேன். மொட்டை விரல்தான் கடைசிவரை அடங்கவில்லை. துணி துவைக்கிற கல்லிலிருந்து வேப்பமரம்வரை நடந்தேன். தண்ணீர் தளும்பி வேட்டி நனைந்தது. திரும்பி நடந்தேன். சட்டை மாட்டியிருந்த ஆணிப் பக்கம் வந்து மறுபடி திரும்பினேன். தண்ணீர் தளும்பாமல் அடங்கும்வரை நடந்துகொண்டே இருந்தேன்.

பிறகு குடத்தை இறக்கி வைத்துவிட்டு, அதன் பக்கத்தில் குனிந்து, எங்காவது என் விரல் பதிந்திருக்கிறதா என்று சுற்றிச் சுற்றிப் பார்த்தேன்.